ஒன்றும் நடக்காத கதை

“விட்ட எடத்துலேர்ந்து படிக்கா. டீச்சரு சாக்பீஸ் எடுத்துனு வரச் சொல்லி அனுப்பினாங்கள்ல, அங்கேர்ந்து.”

“இரிட்டி. ஏறுனதும் ஏறாததுமா கதையா? சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“சாப்டியாக்கா?”

“இல்ல.”

“செரி, படி.”

ஷீபா சிரித்துக்கொண்டே பக்கத்து சீட்டிலிருந்த சாப்பாட்டுப் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறுவது படப்பையில். ஈவா செரப்பணஞ்சேரியில் ஏறும்வரை அந்தப் பைதான் இடம் பிடித்து வைத்திருக்கும். வெளியே இன்னும் வெளுக்கவில்லை. முன் சீட்டில் எல்லாரும் துப்பட்டாவால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் படித்தால் ஈவாவுக்குக் குமட்டும். அதனால் போனைப் பிடித்துப் படிப்பது ஷீபா, ஜன்னலில் தலை சாய்த்துக் கேட்பது ஈவா. ஒரு வருஷமாக அப்படித்தான்.

கதை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போனில் வரும். எழுதுவது யாரென்று தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் படம் இருக்கும். ஒரு கவர்மெண்ட் ஸ்கூல், பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி வருஷம். மலர் என்று ஒரு பெண், அவளோடு பெஞ்சில் இன்னும் மூன்று பேர். அந்த வாரத்து அத்தியாயத்தைப் பிய்த்துப் பிய்த்து வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டுவார்கள்.

“‘மலர் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ரோஸ் கலரில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.’ ஏட்டி, ஒரு சந்தேகம் கேக்கட்டா?”

“கதையிலயா?”

“ஒன்ட்டதான். இதுல என்ன இருக்குன்னு நீ இப்பிடி வாயப் பொளந்து கேக்க? ஒரு கொல இல்ல, எவளும் எவங்கூடயும் ஓடல. போன வாரம் பூரா ஒருத்தி காம்பஸ் பாக்ஸத் தேடுனா. இந்த வாரம் அது கெடச்சுட்டு.”

“அதான்க்கா நல்லா கீது.”

“எது? பாக்ஸ் கெடச்சதா?”

“ஒண்ணும் நடக்கல பாரு, அது. திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறாங்க, சாய்ங்காலம் வூட்டுக்கு வர்றாங்க. செவ்வாக்கெழம மறுபடியும் போறாங்க.”

ஷீபா ரோஸ் சாக்பீஸுக்குத் திரும்பினாள்.

ஈவாவுக்கு அப்படி ஒரு திங்கட்கிழமை வராமலே போய்விட்டது. அப்பா அருள்நாதன் ஒரு குடோனில் வாட்ச்மேன். அவள் பிளஸ் டூ படித்த வருஷம், பொங்கல் கழிந்து, டிரெய்லர் லாரி ஒன்று அவர் சைக்கிளைத் தட்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு வாரம் லீவு என்று ஈவா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த வாரம் முடியவே இல்லை. மார்ச் மாதம் மற்றவர்கள் பரீட்சை எழுதினார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் காண்ட்ராக்டர் ஆள் வந்து சார்ஜர் கம்பெனி லைனில் சேர்த்துவிட்டார். எவாஞ்சலின் என்ற முழுப் பெயர் ஸ்கூல் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோய் ஐ.டி. கார்டில் மட்டும் மிச்சமிருந்தது.

யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் கூடப் படித்த பிரவீனாவும் சாப்பிட்டு முடித்து அவசரத்தில் டிபன் பாக்ஸ் மூடியை மாற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரவீனா இப்போது தாம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். வீடு அடுத்த தெருதான்.

“அந்த மூடி இன்னும் வூட்லதான் கீதுக்கா. திங்கக்கெழம குடுத்துக்கலாம்னு வச்சேன்.”

“அவ இன்னுமா மூடி இல்லாம சோறு கொண்டு போறா? பாவம், ஈ மொய்க்குமே.”

“ஏன்க்கா, என் மூடி அவகிட்ட கீதுல்ல?”

“அப்பச் சரி. ரெண்டு பேர் சோறும் தப்பிச்சுட்டு.”

இப்படிப் பேச்சு வந்தால் அடுத்து ஈவா கேட்பது ஒன்றுதான். உங்க ஸ்கூல்ல கடைசி நாள் எப்படி இருந்தது, சொல்லுக்கா. பத்துத் தடவை கேட்டிருப்பாள். பத்துத் தடவையும் ஷீபா சொல்லியிருக்கிறாள். சாயர்புரத்துப் பக்கம் அவள் படித்த ஸ்கூலில், கடைசிப் பரீட்சை முடிந்ததும் யூனிஃபார்ம் ஓவர்கோட்டைக் கழற்றி டெஸ்க்கில் விரித்துப் போட்டு ஒவ்வொருத்தியாக முதுகில் எழுதினார்களாம். தமிழ் மிஸ் கதவுப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினார்களாம். யாரோ ஒருத்தி பெஞ்சைக் கட்டிக்கொண்டு எழுந்து வரமாட்டேன் என்றாளாம்.

“பெஞ்சையா கட்டிக்கினா?”

“ஆமா. அது வேற ஆணி தூக்கிட்டு இருக்க பெஞ்சு. பாவாடை கிழிஞ்சுது.”

“இவ்ளோ நாளா பாவாடைய சொல்லவே இல்லியே.”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா நாளைக்கு என்னத்தச் சொல்ல?”

புதன்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன் லைன் மீட்டிங்கில் சூப்பர்வைசர் சக்திகுமார் ஒரு தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். பழைய காண்ட்ராக்ட் பேட்ச். ஆர்டர் குறைந்துவிட்டது, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, ஆபீசில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஷீபா பெயரும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போய் நின்றாள். சார்ஜர் போர்டுகளை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்ப்பது அவள் வேலை. சரியில்லாததன்மேல் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுவாள். சிவப்பு பட்டது எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டோர்ஸில் முனிரத்தினம் அண்ணன் வெட்டித் தொட்டியில் போட வேண்டும் என்பது ரூல். ஒரு தடவை ஷீபாவின் கையில் சிவப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்து அவர், “இன்னாம்மா, கைய வெட்டிட்டு வூட்டுக்கு அனுப்பவா?” என்றது லைன் முழுக்கப் பெரிய ஜோக்.

டீ பிரேக்கில் ஈவாதான் முதலில் பேசினாள்.

“வெள்ளிக்கெழமன்னா, கதை கடைசி பாகம் சனிக்கெழமதானக்கா வருது?”

“என் வேல போவுதுங்கேன், இவளுக்குக் கதை.”

“அதுக்கில்லக்கா.”

“தெரியும்ட்டி. வீட்டுக்குப் போயி படிச்சு வாய்ஸ் அனுப்புதேன். போதுமா?”

“ஊர்ல போயி இன்னா பண்ணுவ?”

“கொஞ்ச நாள் தூங்குவேன். பொறவு திருப்பூர்ல அத்த இருக்காவ. பாப்போம்.” ஷீபா போட்டிருந்த வெளிர்நீலக் கோட்டின் காலரைத் தடவினாள். அது நைந்து நூல் பிரிந்திருந்தது. “எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம். இந்தக் கோட்ட வீட்டுக்குக் கொண்டு போணும். உள்ள போன் விட மாட்டாம்லா. மூணு வருஷமா என்னத்தப் போட்டுட்டு நின்னேன்னு எங்கம்மா ஒரு போட்டோகூடப் பாத்தது கெடையாது. ஒரு நாளாவது இதப் போட்டு முன்னால நிக்கணும்.”

“குடுப்பாங்களா?”

“நைஞ்சு போனத முனிரத்தினம் அண்ணன் தொடைக்கிற துணின்னு பாஸ் போட்டுத் தருவாவ. கேட்டுட்டேன். வெள்ளிக்கெழம வான்னாவ.”

கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றதும் ஈவாவின் தலைக்குள் அது வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளும் அதே நினைப்பு. ஷீபா அக்காவுக்கு இந்த இடத்திலும் ஒரு கடைசி நாள் இருக்க வேண்டும், ஸ்கூலில் இருந்த மாதிரியே. அக்காவுக்காக என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால், இனி லைனுக்குத் திரும்ப வேண்டாம் என்று சொல்லி ஷீபாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் கோட்டை உடை மாற்றும் அறையின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். பிரேக் மணி அடித்ததும் ஈவா அதை எடுத்து செருப்பு ஸ்டாண்டின்மேல் முதுகுப்பக்கம் தெரிய விரித்தாள். சொந்தப் பேனா உள்ளே கொண்டுவரக் கூடாது. லைனில் எழுதுகிற சாமான் என்றால் ஷீபாவின் மார்க்கர் ஒன்றுதான். அதை எடுத்து வந்திருந்தாள்.

“செவப்பாச்சேடி?” என்றாள் லைனில் உடன் நிற்கும் சுகந்தி.

“போர்டுக்குத்தான் அந்த ரூலு. துணிக்கு இன்னா?”

“அதுவும் கரெக்ட்டுதான். குடு. நானு மொதல்ல எழுதறேன்.”

டீ ஆறிப்போக எல்லாரும் எழுதினார்கள். எழுத எழுதத்தான் ஞாபகம் வந்ததுபோல் ஒவ்வொருத்தியும் தன் ஸ்கூலைப் பற்றிப் பேசினாள். எங்க ஸ்கூல்ல இங்க் தெளிச்சோம். எங்க ஸ்கூல்ல எச்.எம். திட்டுவாருன்னு பாத்ரூம்ல வச்சு எழுதினோம். கடைசியாக மார்க்கர் ஈவாவிடம் வந்தது. நடுமுதுகில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவளுக்கு எழுத ஒன்றும் வரவில்லை. மணி அடிக்கப் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். எதையோ எழுதிக் கோட்டை மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடிந்து ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள்.

“கோட்ட எங்கட்டி ஒளிச்சு வச்ச? கொண்டா.”

“பிரிக்காதக்கா. பஸ்ல போயி பிரி.”

“அண்ணனுக்குக் காட்டாம எப்பிடிட்டி பாஸ் வாங்க?”

முனிரத்தினம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இருவரையும் பார்த்தார். “வாம்மா திருநெல்வேலி. பாஸு எழுதி வச்சிட்டேன், பாரு. உன் பேருக்கே எழுதிட்டேன். துணிய மட்டும் காட்டு.”

ஈவா கொடுத்தாள். அவர் பலகைமேல் வைத்துப் பிரித்தார். முதுகு முழுக்கச் சிவப்பாக இருந்தது.

அவர் அதை வெளிச்சத்துக்கு நகர்த்தினார். ஷீபா எட்டிப் பார்த்தாள். ஈவா, “கடைசி நாளுன்னு எல்லாரும் எழுதினோம்ணா. அக்கா ஸ்கூல்ல பண்ண மாதிரி,” என்றாள்.

“நல்லாத்தாம்மா எழுதிக்கிறீங்க. அந்த மார்க்கர்ல எழுதிட்டீங்களே.”

“இது போர்டு இல்லியேண்ணா, துணிதான?”

“கேட்டுல நிக்கறவனுக்கு போர்டு இன்னா, துணி இன்னா? பிரிச்சிப் பாப்பான். செவப்பு கண்ணுல பட்டா பாஸுல யாரு கையெழுத்து இருந்தாலும் வுட மாட்டான். இவ எதையோ திருடிக்கினு போறான்னு உக்கார வச்சிடுவான். இன்னிக்கு ஊருக்கு பஸ்ஸு வேற இருக்குன்ன.” பாஸ் தாளை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். “ஒண்ணுமே எழுதாம இருந்தா போயிருக்கும்மா.”

ஈவா கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “தொவச்சா போவும்ணா. நானு இப்பவே தொவச்சி…”

“அது போவாது. போவக் கூடாதுன்னுதான அந்த மார்க்கரு.”

“வெட்டுங்கண்ணே,” என்றாள் ஷீபா.

“அக்கா.”

“விடுட்டி. அண்ணன் என்ன செய்வாவ?”

முனிரத்தினம் கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்து அதைப் பலகைமேல் வைத்தார். “படிச்சிக்கோம்மா. நானு அந்தாண்ட டப்பாங்கள எண்ணிட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஷீபா குனிந்து பார்த்தாள். பஸ்ஸில் படிக்கிற அதே குரலில், வார்த்தைக்கு வார்த்தை, படித்தாள்.

“‘அக்கா, என் போர்டுல இவ்ளோ ரிஜெக்ட் போட்டியே, நீ நல்லா இருப்பியா? நல்லா இரு. சுகந்தி.’ இவள! ‘கல்யாணத்துக்குச் சொல்லு. பிரியாணி இல்லன்னா வரமாட்டோம்.’ பேரு போடல, பிரியாணின்னாலே தெரியுது. ‘என் மாத்திரைய ஞாபகப்படுத்த இனிமே யாரு?’ இது ஜெயந்தி. ‘உங்க சிறிப்பு சூப்பர்.’ என்னட்டி இது, எவளுக்கும் எழுத்துப்பிழ இல்லாம எழுத வராதா?” ஒரிசாக்காரி மமதா தன் எழுத்தில் எழுதியிருந்தது ஒருவருக்கும் படிக்கத் தெரியாதது. ஷீபா அதன்மேல் விரலை ஓட்டினாள். “இவ என்னமோ நல்லதாத்தாம் எழுதிருப்பா.”

நடுவில் ஈவாவின் எழுத்து. ஷீபா அதைக் கடைசியாகப் படித்தாள்.

“‘அ. எவாஞ்சலின், பன்னிரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு.’”

“வேற ஒண்ணும் தோணலக்கா,” என்றாள் ஈவா.

முனிரத்தினம் வந்து வெட்டினார். துணி பழசு, சத்தமே வரவில்லை. முதலில் கைகள், அப்புறம் காலர், அப்புறம் முதுகு குறுக்காக. துண்டுகளைச் சிவப்புத் தொட்டியில் போட்டு மூடினார். பாஸைக் கிழித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கும்போது ஈவா அழுதுகொண்டே வந்தாள். எல்லா லைனும் விட்டுக் கூட்டம் நெருக்கிக்கொண்டு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாசலில் வாரத்துக்கு ஒருத்தியாவது அழுதுகொண்டு போவாள்.

“நாந்தான்க்கா கெடுத்துட்டேன். உங்கம்மா முன்னாடி போட்டுக்கினு நிக்கணும்னு சொன்னியே.”

“எங்கம்மாக்கு அதெல்லாம் ஒரு இதுவா? மழக்கோட்டப் போட்டு நின்னாலும் நம்பிருவாவ. அழாத.”

“உன் ஸ்கூல் கோட்டாச்சும் வூட்ல பத்திரமா கீதுல்ல? அதுல எல்லாரும் எழுதனது. அது போதும்ல?”

ஷீபா நடப்பதை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

“என் கோட்டுல எவளும் எழுதலட்டி.”

“இன்னாக்கா சொல்ற?”

“நான் கொரோனா பேட்சு. ஜனவரியில தொறந்தான், கொஞ்ச நாள் போனோம், திரும்பப் பூட்டிட்டான். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு இருந்துச்சு. பொறவு பரீட்சையே இல்லன்னுட்டான். எல்லாரும் பாஸு. மார்க்கு போன்ல வந்துச்சு. நான் அப்ப வெளக்கமாத்தக் கையில வச்சிட்டு நின்னேன்.”

“அப்ப தமிழ் மிஸ்ஸு அழுதது?”

“அது எங்கக்கா படிக்கும்போது நடந்தது.”

“பெஞ்ச கட்டிக்கினது?”

“அது நானா சொன்னது. எனக்கு அப்பிடிச் செய்யணும்னு இருந்துச்சு.”

ஈவாவுக்கு அழுகை நின்றுவிட்டது. பாவாடை கிழிந்ததைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

“நீ கேக்கும்போது மொகத்த ஒரு மாதிரி வச்சிருப்ப,” என்றாள் ஷீபா. “ஒருத்திக்காவது அது நல்லபடியா நடந்துருக்கணும்ங்க மாதிரி. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லச் சொல்ல எனக்கும் நடந்த மாதிரிதாம் இருந்துச்சு.”

டிரைவர் ஹாரன் அடித்தார். இருவரும் ஏறி எப்போதும் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்தார்கள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது கதை படிப்பது வழக்கமில்லை, எல்லாரும் தூங்குவார்கள். அன்றைக்கு ஷீபா தானாகப் போனை எடுத்து அந்த வாரத்து மிச்சத்தைப் படித்தாள். மலர் வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ் வாங்குகிறாள், அது கையில் உருகுகிறது, அவ்வளவுதான். செரப்பணஞ்சேரி வந்ததும் ஈவா எழுந்தாள். சீட்டில் பையை எடுத்து வைத்து இடம் பிடித்தாள் ஷீபா, பழக்கத்தில்.

“வரேன்க்கா.”

“போய்ட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை வாய்ஸ் வந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஈவா ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, கேக்குதா? இங்க கோழி கத்துது, அதக் கண்டுக்காத. கடைசி பாகம். ஆரம்பிக்கேன். ‘கடைசிப் பரீட்சை முடிந்தது. மலர் பேனாவை மூடினாள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. நாலு பேரும் தங்கள் வகுப்புக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது…’”

ஈவா அங்கே நிறுத்தினாள்.

அவள் நிறுத்திய இடத்தில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. அன்று சாயங்காலம் கேட்கலாம் என்று நினைத்தாள், கேட்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் போனைக் கையில் வைத்துக்கொண்டே போனாள். அந்த வாரம் பக்கத்து சீட்டில் ஒரு புதுப் பெண் உட்கார ஆரம்பித்தாள். கதைக்குள் வாட்ச்மேன் வராந்தாவில் வந்துகொண்டே இருந்தார். நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஷீபாவே கூப்பிட்டாள்.

“என்னட்டி, ஆளயே காணும். அப்பா எப்பிடி இருக்காவ?”

“அப்டியேதான்க்கா. நீ தூங்கறியா?”

“தூங்கித் தூங்கி மூஞ்சி வீங்கிட்டு. அடுத்த வாரம் திருப்பூர் போறேன். கதை கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“முடிவு எப்பிடி இருந்துச்சு?”

ஈவா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருமுனையில் காலேஜ் பஸ் நின்று யாரோ இறங்கினார்கள்.

“ஒண்ணும் நடக்கலக்கா.”

அந்தப் பக்கம் ஷீபா கோழியை விரட்டுவது கேட்டது.

“ஆமாட்டி,” என்றாள் ஷீபா. “ஒண்ணும் நடக்கல.” பிறகு, “அந்தப் புள்ளைக்கு மூடியக் குடுத்துட்டியா?” என்றாள்.

“இல்லக்கா. திங்கக்கெழம குடுத்துடறேன்.”